குளவி கொட்டிய கன்னம்

எங்கள் ஊர் பவானி ஆற்றின் கரையில் இருக்கிறது. படித்துறைக்குக் கீழே ஆறு வளையும் இடத்தில் ஒரு மடு. மேலிருந்து பார்த்தால் தண்ணீர் அசையாமல் எண்ணெய் போலக் கிடக்கும். ஆழம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. நான் பாடம் நடத்தும் மூன்றாம் வகுப்பில் ஒரு வருஷம் இரண்டாவது பெஞ்சில் ஓர் இடம் காலியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தாயோடு துணி துவைக்கப் போன பெண், மடுவிலிருந்து திரும்பவில்லை. திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் மடு என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது என்று வைத்துவிட்டேன். என் மகள் அப்போது கைக்குழந்தை. கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து, முப்பத்தெட்டு வயதில் எனக்குப் பிறந்தவள்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் நாங்கள் ஊட்டிக்குப் போனதைச் சொல்ல முடியும்.

அவளுக்கு ஆறு வயது நடந்த கோடை விடுமுறை அது. என் தம்பிக்குக் குன்னூர்ப் பக்கம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் குமாஸ்தா வேலை. குவார்ட்டர்ஸ் கிடைத்து ஒரு வருஷமாகியும் அக்கா எட்டிப் பார்க்கவில்லை என்று ஒவ்வொரு கடிதத்திலும் குறைபட்டு எழுதுவான். கணவரும் நானும் மகளும் போய் இறங்கினோம். முதல் இரண்டு நாள் பூங்காவும் ஏரியும் கடைத்தெருவுமாகப் போயின. மூன்றாம் நாள் ஒரு வாடகைக் காரைப் பேசி பைக்காராவுக்குக் கூட்டிப் போனான். அங்கே தண்ணீர் பாறைகளில் படிப்படியாக இறங்கிப் போகிறது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நான் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கைய விடுக்கா. பாப்பாவுக்குக் கை செவந்துபோச்சு பாரு" என்றான் தம்பி.

"தண்ணி ஓரத்துல நிக்கறா."

"தண்ணி நாப்பதடி தள்ளி இருக்குது. ஏனுங் மச்சான், அக்காவுக்கு வாளித் தண்ணியக் கண்டாலே ஆகாதாட்ட இருக்குது. ஊட்டுல குளிக்கறாளா இல்லீங்களா?"

"ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம குளிக்கறா" என்றார் என் கணவர். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கையை மட்டும் விடவில்லை.

திரும்பியிருக்கலாம். நடுவட்டம் வரை போனால் கூடலூர்ப் பள்ளத்தாக்கு முழுக்கத் தட்டில் வைத்த மாதிரி தெரியும் என்றான் தம்பி. கார் போகப் போக இரண்டு பக்கமும் தேயிலை. கூடையைச் சுமந்துகொண்டு பெண்கள் வரிசையாகச் சரிவில் நின்றார்கள். கூடையின் கயிறு அவர்கள் தலையில் மாட்டியிருந்தது. டிரைவர் அவர்களைக் காட்டினார்.

"இந்தப் பக்கம் பூரா இப்ப சிலோன்காரங்கதானுங்க. கப்பல்ல வந்து, அங்கிருந்து லாரி லாரியா வந்து எறங்கியிருக்காங்க. பேச்சே ஒரு தினுசா இருக்குமுங்க. போன மாசம் கூடலூர்ல ரெண்டு புள்ளைங்களக் காணோமுன்னு பேச்சா இருந்துச்சு. யாரு என்னன்னு தெரியல. நம்ம சாக்கிரதையா இருந்துக்கோணும்."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுப்பா. எங்கக்கா ஏற்கெனவே ஒரு மாதிரி" என்றான் தம்பி.

ஜன்னலோரம் இருந்த மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஊரில் பிள்ளைகளுக்கு, கேட்டதையெல்லாம் நம்பாதீர்கள் என்று சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

நடுவட்டத்துக் கடைகளைத் தாண்டியதும் காரின் பெல்ட் அறுந்துவிட்டது. கீழே இறங்கிக்கொண்டிருந்த ஒரு லாரியில் ஏறி, கூடலூரில் வேறு பெல்ட் வாங்கி வருவதாகச் சொல்லி டிரைவர் போனார். சாலையோரம் ஒரே ஒரு டீக்கடை. நாங்கள் அங்கே உட்கார்ந்தோம். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் கீழே தெரிந்த ஊர்கள் போயின. பிறகு தேயிலை. பிறகு இருபதடி தள்ளி நின்ற எங்கள் காரும் இல்லாமல் போயிற்று. ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டி மட்டும் சாலைக்கும் பெஞ்சுக்கும் நடுவே வந்து வந்து போனது. மகள் அதன் பின்னால் இரண்டடி போவதும் திரும்பி வருவதுமாக இருந்தாள்.

நான் அவளுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். நாக்கைச் சுட்டுக்கொண்டுவிடுவாள் என்று இரண்டு டம்ளருக்கும் நடுவே மாற்றி மாற்றி ஊற்றி, நுரை அடங்குகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறியதும் நீட்டினேன். வாங்க ஆள் இல்லை.

கூப்பிட்டேன். தம்பியும் கணவரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி கூப்பிட்டேன். மூடுபனியில் குரல் தூரம் போகாமல் முகத்துக்கு முன்னாலேயே நின்றது. கணவர் மேல் சாலையில் ஓடினார். தம்பி கூடலூர் போகும் பக்கம் ஓடினான். கடைக்காரர் அடுப்பை விட்டு வெளியே வந்தார். மலையாளம் கலந்த பேச்சு அவருக்கு.

"பேடிக்க வேண்டாம் சேச்சி. கொச்சுப் புள்ள எவ்வளவு தூரம் போகும்? தோட்டத்துக்குள்ள கீழ வெள்ளம் உண்டு. அந்தப் பக்கம் மாத்திரம் ஒண்ணு நோக்கணும்."

மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சொல் என் காதில் ஆற்று வெள்ளமாகவே விழுந்தது. கடைக்குப் பக்கத்தில் தேயிலைக்குள் இறங்கிய ஒற்றையடிப் பாதையில் நான் இறங்கினேன். செடிகள் இடுப்பளவுக்கு இருந்தன. ஆறு வயதுக் குழந்தை அவற்றுக்குள் உட்கார்ந்தால் தலைகூடத் தெரியாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். எங்கோ கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டபின் என் குரல் மாறிவிட்டது என்று தம்பி பிறகு சொன்னான்.

பனியில் பாதை தவறி அரை மணி நேரம் சுற்றியிருப்பேன். ஒரு பெண் எதிரே தெரிந்தாள். இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். தலையில் துணி, முதுகில் கூடை. முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் கொழுந்து கிள்ளுவதை நிறுத்தாமலே தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

"ஏனுங்க, ஒரு பாப்பாவப் பாத்தீங்களா? செவப்பு ஸ்வெட்டர்."

"செவப்பு சுவெட்டரு போட்ட பொம்பளப் புள்ளைதானே? பாத்தேன். மடுவத்துல போட்டிருக்கேன்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "எங்க?" என்றேன்.

"மடுவத்துலங்க. கத்திக்கிட்டே நின்னுச்சு. எம்புட்டு நேரம் கையில வச்சிக்கிட்டு நிக்கிறது? வேல கெடக்குதுல்ல. தூக்கிட்டுப் போயி மடுவத்துல போட்டுட்டு வந்துட்டேன். இந்நேரம் சத்தமில்லாம கெடக்கும்."

சொல்லிவிட்டு அவள் அடுத்த செடியில் கை வைத்தாள்.

அந்தச் சொற்களை நான் இன்றும் அதே வரிசையில் கேட்கிறேன். அவள் குரலில் எந்தக் கெடுதியும் இல்லை. துணியை உலர்த்திவிட்டு வந்தேன் என்று சொல்வது போலச் சொன்னாள். அதுதான் என்னைக் கலக்கியது. டிரைவர் சொன்னது, காலியான பெஞ்சு, எண்ணெய் போலக் கிடக்கும் தண்ணீர் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நின்றன.

நான் அடித்தேன். கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, மறுபடி கன்னத்தில். மூன்று தடவை என்பது என் நினைவு. நான்கு என்று மற்றப் பெண்கள் பிறகு சொன்னார்கள். தலையிலிருந்த கயிறு நழுவி, கூடை சரிவில் உருண்டு, கொழுந்தெல்லாம் சேற்றில் கொட்டியது. அவள் என்னைத் தடுக்கவில்லை. அவளுடைய இரண்டு கைகளிலும் கிள்ளிய கொழுந்து இருந்தது. அடி விழும்போதும் அந்தக் கைகள் திறக்கவில்லை.

"என்னாத்துக்கும்மா அடிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பனிக்குள்ளிருந்து நாலைந்து பெண்கள் வந்துவிட்டார்கள். யாரோ என் தோளைப் பிடித்தார்கள். நான் உதறிக்கொண்டு தண்ணீர்ச் சத்தம் வந்த பக்கம் ஓடினேன். இரண்டு தடவை விழுந்தேன். கீழே ஓடையைக் கல் வைத்து மறித்திருந்தார்கள். நின்ற தண்ணீர் கறுப்பாக இருந்தது. அதற்குள் இறங்கினேன். இடுப்புவரை வந்தது. குனிந்து இரண்டு கைகளாலும் அடியைத் துழாவினேன். கைக்குக் கிடைத்ததெல்லாம் கல். ஒவ்வொரு கல்லையும் தொட்டவுடன் அது அவளாக இருக்கும் என்று நினைத்தேன். அது அவளாக இருக்கக் கூடாது என்றும் நினைத்தேன். குளிரே தெரியவில்லை.

"அம்மா. அங்க இல்லம்மா."

கரையில் அந்தப் பெண் நின்றாள். என் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள். கன்னம் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது.

"தண்ணிக்குள்ள எதுக்குத் தேடுறீங்க? புள்ள மடுவத்துல இருக்குன்னுதானே சொன்னேன்."

"இதுதானே மடு" என்றேன். பல் கிட்டித்து வார்த்தை துண்டு துண்டாக வந்தது.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். கையிலிருந்த கொழுந்தைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"இது வெறும் ஓடத் தண்ணிம்மா. மடுவம் அந்தா மேல. தகரக் கூர போட்டிருக்கு பாருங்க. எங்க புள்ளைங்கள விட்டுட்டு வேலைக்கு வர்ற எடம். ஒங்க புள்ள தூங்குது. வாங்க."

எனக்கு ஒன்றும் ஏறவில்லை. தூங்குது என்ற சொல்லையும் நான் நம்பவில்லை. எங்கள் ஊரில் செத்துப்போன குழந்தையையும் தூங்குகிறது என்றுதான் சொல்வார்கள். அவள் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. வாசலில் நீல எழுத்தில் 'குழந்தைகள் காப்பகம்' என்று எழுதியிருந்தது. உள்ளே விட்டத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் வாசலிலேயே எங்களை மறித்தாள்.

"சத்தம் போடாதீங்க. இப்பத்தான் எல்லாம் கண்ணசந்துச்சு."

தரையில் விரித்திருந்த சாக்கில், இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே, சிவப்பு ஸ்வெட்டர். கையில் பாதி ரொட்டி. நான் குனிந்து மூக்கருகே விரல் வைத்தேன். சூடாக மூச்சு வந்தது. என் தலையிலிருந்து சொட்டிய நீர் அவள் நெற்றியில் விழுந்தது. கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, இன்னிக்கி ஞாயித்துக்கெழமையா?" என்றாள்.

அதற்கு நான் அழுதேனா, சிரித்தேனா என்று கணவரைக் கேட்டால் இரண்டும் இல்லை என்பார். அவரும் தம்பியும் என் அலறலைக் கேட்டு இறங்கி வந்து, அப்போது வாசலில் நின்றிருந்தார்கள். குழந்தையை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே சாக்கில் உட்கார்ந்துவிட்டேனாம்.

நடந்தது இவ்வளவுதான். ஆட்டுக்குட்டியின் பின்னால் தேயிலைக்குள் இறங்கியவளுக்குப் பனியில் வழி தெரியவில்லை. அழுதுகொண்டு நின்றவளை அந்தப் பெண் பார்த்திருக்கிறாள். இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை, கொழுந்து மடுவம். வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுப் போகும் கொட்டகை, பிள்ளை மடுவம். கடல் தாண்டி வந்தபோது அந்தச் சொல்லும் அவர்களோடு வந்துவிட்டது. வாசலில் எழுதியிருந்த பெயரை அவள் சொல்லியிருந்தால் எனக்கு அந்த நிமிஷமே விளங்கியிருக்கும்.

"அதுவா பேரு? வந்து ரெண்டு வருசமா நாங்க வாசிச்சுப் பாக்கல" என்று, தம்பி அந்த எழுத்தைக் காட்டியதும் ஒருத்தி சிரித்தாள்.

"மேல வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்லீங்க?" என்று தம்பி கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை.

அடிபட்ட பெண் அவனை வியப்பாகப் பார்த்தாள். "புள்ளையத் தேடுற தாயி மொத மடுவத்துக்குத்தானே வருவா? நாங்க அப்பிடித்தான் ஓடியாருவோம். இவங்க கடையில நிப்பாங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

வாசலில் நின்ற இன்னொருத்தி அவளைச் சீண்டினாள். "சிலோன்ல இருந்த மட்டும் ஒரு தொரசாணி கையாலயும் அடி வாங்கலன்னு பெருமையடிப்பா. இங்க வந்து அந்தக் கொறையும் தீந்துச்சு."

"தொரசாணிக்குக் கை கொஞ்சம் நீளம்" என்றாள் மற்றொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். அடிபட்டவளும் சிரிக்கத் தொடங்கி, கன்னம் இழுத்ததும் பாதியில் நிறுத்திக் கையால் பொத்திக்கொண்டாள். அவர்கள் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"மன்னிச்சுக்கங்க" என்றேன். தினமும் நாற்பது பிள்ளைகள் முன்னால் பேசுகிறவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் கிடைத்தது.

"ஈரத்தோட நிக்காதீங்க. தேத்தண்ணி குடிங்க" என்றாள். பால் இல்லாத டீயை ஒரு கோப்பையில் கொடுத்து, என் உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லத்தை வைத்தாள். அதைக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டுமாம். பாதி டீயை என் மேலேயே சிந்திக்கொண்டேன். அவள் கோப்பையை வாங்கித் தானே பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் என் மகள் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அத்த, உங்க கன்னம் ஏன் இப்படி இருக்குது?"

பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"கொளவி கொட்டிருச்சு சாமி" என்றாள் அந்தப் பெண். "தேயிலைக்குள்ள கூடு கட்டியிருக்கும். தெரியாம கைய வச்சிட்டேன்."

"வலிக்குதா?"

"இல்ல. அது பாவம், பயந்துபோயிக் கொட்டிருச்சு."

திரும்பும்போது டிரைவர் ஏதோ பேச வாயெடுத்தார். தம்பி அவரை அடக்கிவிட்டான். அவர் சொன்னதைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. சொன்னவர் அவர், நம்பி மனதில் வைத்துக்கொண்டவள் நான். அன்று இரவு சோற்றைப் பிசைந்தபோது வலது உள்ளங்கை எரிந்தது. சரிவில் விழுந்தபோது சிராய்த்திருக்கும் என்றார் கணவர். இருக்கலாம்.

அந்தக் குளிர்காலத்தில், அந்தப் பெண் மடுவத்தில் விட்டிருந்த தன் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னித் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். நடுவட்டம் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, "தொரசாணிக்கு ஒடம்பு சொகமான்னு கேட்டாங்க. வேற ஒண்ணுஞ் சொல்லல" என்றான். அவள் பெயரை நான் அன்றும் கேட்கவில்லை. அவனும் கேட்டு வரவில்லை.

இப்போது என் மகள் ஆறாம் வகுப்பு. போன மாதம் 'நான் கண்ட மலைவாழிடம்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பூங்கா, பைக்காரா எல்லாம் எழுதிவிட்டு இப்படி எழுதியிருந்தாள்: 'பனியில் நான் தொலைந்துவிட்டேன். ஓர் அத்தை என்னை மடுவத்தில் போட்டார். அங்கே ரொட்டி கொடுத்தார்கள். அந்த அத்தையைக் குளவி கொட்டியிருந்தது.' மடுவம் என்ற சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார் ஆசிரியை. குளவிக்கு ஒன்றும் இல்லை. அது சரியென்று விட்டிருந்தார்.

"அப்பிடி ஒரு வார்த்த இருக்குதுதானம்மா? எல்லாரும் சொன்னாங்களே. டீச்சர் இல்லேங்கறாங்க."

"இருக்குது" என்றேன்.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னேன். என் காதில் அது எப்படி விழுந்தது என்பதையும், ஓடையில் இறங்கியதையும் சொன்னேன். சொல்லும்போது குரல் சரியாகத்தான் இருந்தது. பிறகு அடுத்த வரியில் விரலை வைத்தேன்.

"இதுதான் தப்பு, கண்ணு. குளவி இல்ல. நாந்தான்."

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேஜைமேல் இருந்த என் கையைப் பார்த்தாள்.

"அவங்க உன்னையத் திருப்பி அடிக்கலையா?"

"இல்ல."

"ஏன்?"

"அவங்க கை ரெண்டுலயும் கொழுந்து இருந்துச்சு" என்றேன்.

அது உண்மைதான். இருந்தது.